உட்பகையும் உடற்காவலும்

அரசுக்கு வேண்டும் உறுப்புக்களை வகுத்துரைத்த திருவள்ளுவர், அரணுக்கும் படைக்கும் அதிகாரங்கள் அமைத்ததோடு நில்லாது, உட்பகைக்கெனவும் தனியோர் அதிகாரம் அமைத்தார். புறத்தே நின்று பொருவானை மதிலும் படையும் தடுக்கும். உறவாய் உடனிருந்து கெடுப்பானை இனங்காண அவை மட்டும் போதா. மனித உடலென்னும் அரசிலும் இவ்விருவகைப் பகையும் உள. தொற்று நோய்களை விளைக்கும் பற்றீரியாவும் வைரசும் புறப்பகை, புற்றுநோயோ உட்பகை.

புற்றுநோய்க் கலம் வெளியிலிருந்து புகுந்ததொன்றன்று. உடலுக்குரிய கலமொன்றின் பரம்பரையலகுகளில் விகாரங்கள் ஒன்றன்மேலொன்றாகச் சேர்ந்துவிட, அக்கலம் எப்பொழுது பெருக வேண்டும், எப்பொழுது நிற்க வேண்டும் என்னும் கட்டளைகளை மீறித் தன் போக்கிற் பிரியத் தொடங்குகின்றது. அது கட்டியாகத் திரண்டு, அயலிலுள்ள இழையங்களை ஊடுருவி, குருதி வழியாகவும் நிணநீர் வழியாகவும் பிற உறுப்புக்களிற் சென்று குடியேறுகின்றது. சொந்தக் குடியிற் பிறந்து பகையாக மாறிய இக்கலத்தை உடலின் காவலர் அறிவரோ? அறிவராயின் ஏன் வாளாவிருக்கின்றனர்?

இவ்வினாக்களுக்கு விடை காண மருத்துவ உலகுக்கு நூறாண்டுக்கு மேலாயிற்று. கிடைத்த விடை வியப்பிற்குரியது. காவலர் பகைவனைப் பெரும்பாலும் அறிவர். பல வேளைகளில் அவன் வீட்டுக்குள்ளேயே நிற்கின்றனர். ஆயின் அவர்தம் கைகள் கட்டப்பட்டிருக்கின்றன. இக்கட்டினை அவிழ்க்கும் முயற்சியே இக்காலப் புற்றுநோய்ச் சிகிச்சையிற் பெருமாறுதலை விளைத்தது.

முதலில் காவலர் யாவரென அறிதல் வேண்டும். என்பு மச்சையிலே தோன்றிக் குருதியிலும் நிணநீரிலும் இழையங்களிலும் உலாவும் வெண்குழியங்களே அவர். 1882ஆம் ஆண்டிற் சிசிலித் தீவிலுள்ள மெசீனா நகரில், உருசிய அறிஞர் மெச்னிக்கோவ், கண்ணாடி போன்று தெளிந்த உடலையுடைய நட்சத்திர மீன் குடம்பியொன்றில் முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாட் காலையில் நடமாடும் கலங்கள் பல அம்முள்ளைச் சூழ்ந்து நிற்பதைக் கண்டார். அந்நியப் பொருளை அணுகி விழுங்கும் தின்குழியங்கள் பற்றிய அறிவு அவ்வாறு பிறந்தது. அவற்றுள் உருவிற் பெரியவை பெருந்தின் குழியங்கள் எனப்படும்.

தின்குழியம் தெருக்காவலன் போன்றது; எதிர்ப்பட்ட அந்நியனைப் பிடிக்கும். நிணநீர்க் குழியமோ குறித்த ஒருவனையே தேடிச்செல்லும் ஒற்றன் போன்றது. அது இருவகைப்படும். பீ குழியங்கள் பிறபொருளெதிரிகள் என்னும் புரதங்களை ஆக்கிக் குருதியில் விடுகின்றன. ரீ குழியங்கள் தாமே நேரிற் சென்று, கெட்டுப்போன கலத்தைத் தொட்டு, அதனை மாய்க்கின்றன. மார்பென்பின் பின்னே கிடக்கும் தைமசுச் சுரப்பியே ரீ குழியங்களின் பயிற்சிச்சாலை என்பதை 1961இல் இலண்டனிற் பணியாற்றிய யக் மில்லர் எலிகளைக் கொண்டு நிறுவினார். இச்சாலையிற் பரீட்சை கடுமையானது. உடலின் சொந்தப் புரதங்களைப் பகையெனக் கருதித் தாக்கக்கூடிய குழியங்களுட் பெரும்பாலானவை அங்கேயே அழிக்கப்படுகின்றன. சிறு பகுதியே தேறி வெளிவருகின்றது.

தேறிய ரீ குழியம் பகைவனை அறியும் முறையும் நுட்பமானது. உடலின் ஒவ்வொரு கலமும் தன்னுள் ஆகும் புரதங்களின் சிறு துண்டுகளைத் தன் மேற்பரப்பில் எடுத்துக் காட்டிய வண்ணம் இருக்கின்றது. வாயிற் காவலனிடம் அடையாளச் சீட்டு நீட்டுவது போன்ற செயல் இது. வைரசு புகுந்த கலம் வைரசின் துண்டையும் காட்டிவிடும். ரீ குழியம் அந்நியத் துண்டினைத் தனியே அன்றி, உடலின் சொந்தப் புரதமொன்று அதனை ஏந்தி நிற்கும் நிலையிலேயே அறிகின்றது என்பதை 1974இல் அவுஸ்திரேலியாவிலிருந்து சிங்கேர்நாகல், டொகேர்ட்டி என்னும் இருவர் வெளிப்படுத்தி, 1996இல் நோபெல் பரிசு பெற்றனர். புற்றுநோய்க் கலத்தில் விகாரங்கள் காரணமாகத் திரிந்த புரதங்கள் உள. அவற்றின் துண்டுகளும் மேற்பரப்பிற் காட்டப்படும். எனவே, உட்பகைவன் எத்துணை உறவு பாராட்டினும் அவன் நீட்டும் சீட்டில் ஓரெழுத்துப் பிழையேனும் இருத்தல் கூடும். அப்பிழையைக் காண்பதே ரீ குழியத்தின் திறன்.

இவ்வறிவு யாவும் பிற்காலத்தது. ஆயின் காவற் கலங்களுக்கும் கட்டிகளுக்கும் தொடர்புண்டென்னும் ஐயம் அதற்கு முன்னரே எழுந்துவிட்டது. யேர்மனிய அறிஞர் வேர்க்கோ 1863இலேயே கட்டிகளுக்குள் வெண்குழியங்கள் செறிந்திருப்பதைக் குறித்தார். 1891இல் நியூயோர்க்கில் வில்லியம் கோலி என்னும் இளஞ் சத்திரவைத்தியர், கையில் எழுந்த சாக்கோமாவினாற் பதினேழு வயதுப் பெண்ணொருத்தி இறந்தமை கண்டு மனம் நொந்து, வைத்தியசாலையின் பழைய ஏடுகளைப் புரட்டினார். கழுத்துக் கட்டி மீண்டும் மீண்டும் வெட்டியும் அடங்காத நோயாளி ஒருவர், தோலைச் சிவக்கச் செய்து கடுங்காய்ச்சலை விளைக்கும் எரிசிபெலசு என்னும் தொற்றுக்கு ஆளானபின் கட்டி நீங்கப்பெற்றார் என்னும் குறிப்பு அவர் கண்ணிற் பட்டது. அந்நோயாளியைத் தேடிச்சென்று, ஏழாண்டு கழிந்தும் அவர் நலமாயிருப்பதை நேரிற் கண்ட கோலி, தம் நோயாளர்க்கு அப்பற்றீரியாவையே ஏற்றத் துணிந்தார். பின்னர் கொல்லப்பட்ட பற்றீரியாக்களைப் பயன்படுத்தினார். சிலர் நலமடைந்தனர்; பலர்க்குப் பயன் கிட்டவில்லை. ஏன் சிலர்க்குப் பலித்தது என்பதை விளக்க அன்று எவராலும் இயலவில்லை. எக்ஸ் கதிர்ச் சிகிச்சை பரவவே, கோலியின் முறை மெல்ல மறைந்தது.

1909இல் யேர்மனிய அறிஞர் போல் ஏர்லிக், உடலிற் புற்றுக் கலங்கள் அடிக்கடி தோன்றுகின்றன என்றும், காவலாற்றல் இல்லையேல் அந்நோய் மிகுதியாகக் காணப்படும் என்றும் ஒரு கருத்தை முன்வைத்தார். அரை நூற்றாண்டின் பின், 1950களின் பிற்பகுதியில், அமெரிக்கரான லூயிஸ் தோமசும் அவுஸ்திரேலியரான மக்ஃபாலேன் பேணற்றும் இக்கருத்தை விரித்து, வெண்குழியங்கள் உடலெங்கும் சுற்றிக் கெட்ட கலங்களைக் களைகின்றன என்றனர். கேட்போர்க்கு அது இனிய கொள்கை. ஆயின் அறிவியலில் இனிமை சான்றாகாது. 1974இல் ஸ்ருற்மன் என்பார் தைமசுச் சுரப்பியற்ற எலிகளுக்கும் சாதாரண எலிகளுக்கும் புற்றுநோயை உண்டாக்கும் இரசாயனப் பொருளொன்றைக் கொடுத்து ஒப்பிட்டார். இரு திறத்தவற்றிலும் கட்டிகள் ஒரேயளவாகத் தோன்றின. கொள்கை வீழ்ந்ததெனப் பலர் கருதினர்; இத்துறையில் ஆராய்வார் தொகையும் சுருங்கியது.

அப்பரிசோதனை பொய்யன்று, அதற்குக் கொண்ட கருவியே குறையுடையது. தைமசு இல்லாத அவ்வெலிகளிலும் சில ரீ குழியங்கள் இருந்தன. அன்றியும், தைமசின் துணையின்றியே தொழிற்படும் இயற்கைக் கொல்லிக் கலங்கள் என்னும் வேறொரு வகைக் காவலரும் அவற்றில் இருந்தமை அடுத்த சில ஆண்டுகளிற் புலனாயிற்று. 2001இல் அமெரிக்க அறிஞர் றொபேட் ஷ்றைபரும் அவர்தம் குழுவினரும் பரம்பரையலகினை நீக்கி, நிணநீர்க் குழியங்களே முற்றாக இல்லாத எலிகளைப் பயன்படுத்தி மீண்டும் ஆராய்ந்தபொழுது, அவற்றிற் கட்டிகள் மிகுதியாகத் தோன்றின. மனிதரிடத்தும் இதற்கொத்த சான்றுண்டு. மாற்றுச் சிறுநீரகம் பெற்றோர், அவ்வுறுப்பினை உடல் ஒதுக்காதிருத்தற் பொருட்டுக் காவலாற்றலை அடக்கும் மருந்துகளை நெடுநாள் உட்கொள்கின்றனர். அவர்களிடையே பலவகைப் புற்றுநோய்கள் ஏனையோரிலும் மிகுந்து காணப்படுகின்றன.

ஷ்றைபர் கண்ட மற்றோர் உண்மை இன்னும் ஆழமானது. காவல் நிலவிய எலிகளில் வளர்ந்த கட்டிகளைக் காவலற்ற எலிகளில் வளர்ந்தவற்றோடு ஒப்பிடுகையில், முன்னவை காவலரை ஏய்ப்பதில் வல்லனவாயிருந்தன. இதனால் புற்றுநோய்க்கும் காவலுக்கும் இடையே மூன்று படிகள் உள்ளமை பெறப்பட்டது. முதலாவது, தோன்றும் கலங்களைக் காவலர் அழிக்கும் படி. இரண்டாவது, முற்றாக அழியாதும் வளராதும் பகை ஒடுங்கிக் கிடக்கும் சமநிலைப் படி. இது பல்லாண்டு நீடித்தல் கூடும். மூன்றாவது, ஏய்க்கக் கற்ற கலங்கள் தப்பிப் பெருகும் படி. வைத்தியர் கண்ணுக்குப் புலனாகும் கட்டி, பெரும்பாலும் இம்மூன்றாம் படியை எய்தியதாகும்.

தப்பும் வழிகள் எவை? ஒன்று, அடையாளச் சீட்டினையே நீட்டாதொழிதல். துண்டுகளை ஏந்திக் காட்டும் புரதத்தைச் சில கட்டிகள் இழந்துவிடுகின்றன. இரண்டு, காவலரையே வேலைக்கமர்த்தல். கட்டியை நாடிவரும் பெருந்தின் குழியங்கள் அங்குள்ள இரசாயன ஏவல்களால் தம் இயல்பு திரிந்து, புதுக் குருதிக்கலன்கள் தோன்றவும் புற்றுக் கலங்கள் பரவவும் துணை செய்வனவாகின்றன. புண்ணை ஆற்றுதற்கு அவை செய்யும் அதே பணி ஈண்டுப் பகைவனுக்குப் பயன்படுகின்றது. மூன்று, அடக்குவோரை அழைத்தல். ரீ குழியங்களுள் ஒரு வகையின, பிற காவலர் அளவு மீறாதபடி அடக்கி வைப்பன. இவற்றை 1995இல் யப்பானிய அறிஞர் சக்காகுச்சி இனங்கண்டார். அதன்பொருட்டு 2025ஆம் ஆண்டு நோபெல் பரிசை அமெரிக்கர் இருவரோடு பகிர்ந்துகொண்டார். உடல்நலத்துக்கு இன்றியமையாத இவை கட்டியினுள் திரளும்போது கட்டிக்கே அரணாகின்றன.

ஆகவே, கட்டிக்குள் வெண்குழியங்கள் உள்ளனவா என்பது மட்டும் வினாவன்று. எவ்வகைக் குழியங்கள், எத்துணை, எவ்விடத்தில் நிற்கின்றன என்பதே வினா. 2006இல் பாரிசு நகரில் ஜெரோம் கலோன் என்பாரும் அவர்தம் குழுவினரும் பெருங்குடற் புற்றுநோய்க் கட்டிகளை ஆராய்ந்து, கொல்லும் இயல்புடைய ரீ குழியங்கள் கட்டியின் நடுவிலும் விளிம்பிலும் செறிந்திருந்த நோயாளர் நெடுநாள் வாழ்ந்ததை எடுத்துக்காட்டினர்.

தப்பும் வழிகளுள் நான்காவதே சிகிச்சைக்கு வாயில் திறந்தது. ரீ குழியம் கொல்லும் வலிமையுடையது. வலிமையுடைய எதற்கும் தடை வேண்டும். மாட்டுவண்டிக்கு மூக்கணாங்கயிறும் மோட்டார் வண்டிக்குத் தடுப்பும் இருப்பதுபோல, ரீ குழியத்தின் மேற்பரப்பிலும் அதனை நிறுத்தும் வாங்கிகள் உள. அவற்றுள் ஒன்றான சீ.ரீ.எல்.ஏ.-4 என்பது 1987இற் பிரான்சிற் கண்டறியப்பட்டது. அதன் தொழில் யாதென்பதிற் கருத்து வேறுபாடு நிலவியது. அதனை இழந்து பிறந்த எலிகள், கட்டுக்கடங்காது பெருகிய நிணநீர்க் குழியங்கள் உறுப்புக்களைத் தாக்கியமையாற் சில கிழமைகளில் இறந்தன என்பது 1995இல் அறியப்பட்டபொழுது, அது தடையே என்பது ஐயமற விளங்கியது.

கலிபோர்ணியாவில் ஆராய்ந்த ஜேம்ஸ் அலிசன், இத்தடையைச் சிறிதுகாலம் நீக்கிப் பார்த்தால் என்ன என எண்ணினார். அவ்வாங்கியை மூடும் பிறபொருளெதிரியைக் கட்டியுள்ள எலிகளுக்கு ஏற்றினார். கட்டிகள் கரைந்தன; பின்னர் அதே புற்றுக் கலங்களை மீண்டும் ஏற்றியபோதும் அவ்வெலிகள் அவற்றை ஏற்கவில்லை. 1996இல் இது வெளியாயிற்று. மனிதர்க்கேற்ற மருந்தாக இபிலிமுமாப் உருவாகி, மெலனோமா என்னும் கருநிறத் தோற் புற்றுநோய் முற்றிய 676 பேரில் ஆராயப்பட்ட முடிவு 2010இல் வெளிவந்தது. ஒப்பீட்டுக்கென வேறு சிகிச்சை பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் ஏறத்தாழ ஆறு மாதம். இம்மருந்து பெற்றோர்க்குப் பத்து மாதம். நான்கு மாதம் பெரிதோ எனக் கேட்கலாம். ஆயின், இம்மருந்து பெற்ற பலருடைய வரலாற்றைப் பின்னர்த் தொகுத்து நோக்கியபோது, ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினர் மூன்றாண்டு கடந்து வாழ்ந்தனர் என்பதும், அவருட் பலர் பத்தாண்டும் கண்டனர் என்பதும் தெரியவந்தன. மருந்து உடலை விட்டு நீங்கியபின்னும் காவலர் பகைவனை மறக்கவில்லை.

இரண்டாவது தடை பீ.டி.-1 என்பது. இதனை 1992இற் கியோத்தோப் பல்கலைக்கழகத்தில் தசுக்கு ஹொஞ்சோவின் குழுவினர் கண்டனர். இத்தடையை இயக்கும் புரதத்தைப் புற்றுக் கலமே தன்மீது தாங்கி நிற்றலுண்டு. தன்னைக் கொல்ல வரும் காவலனுடைய தடையைப் பகைவனே அழுத்துகின்றான். இதனை மறிக்கும் மருந்துகள் 2014இல் யப்பானிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் அநுமதி பெற்றன. முன்னாள் அமெரிக்க சனாதிபதி ஜிம்மி காட்டர் 2015இல், தமது தொண்ணூறாம் வயதில், மெலனோமா மூளைக்கும் பரவிய நிலையிற் சத்திரசிகிச்சையோடும் கதிர்ச் சிகிச்சையோடும் இவ்வகை மருந்தொன்றையும் பெற்று, 2024 திசெம்பரில் நூறு வயது கடந்தே மறைந்தார். அலிசனும் ஹொஞ்சோவும் 2018இல் நோபெல் பரிசு பெற்றனர். இருவகைத் தடைகளையும் ஒருங்கே நீக்கும் சிகிச்சை பெற்ற முற்றிய மெலனோமா நோயாளருள் நூற்றுக்கு 43 பேர் பத்தாண்டின் பின்னும் உயிரோடிருந்தமை 2024இல் அறிவிக்கப்பட்டது.

கட்டவிழ்ப்பது ஒரு வழி. காவலரைத் தூண்டுவதும் புதிதாகப் பயிற்றுவதும் வேறு வழிகள். இலங்கையிற் குழந்தை பிறந்தவுடன் கயரோகத்தைத் தடுக்கக் கையில் இடப்படும் பீ.சீ.ஜீ. ஊசியைப் பலரும் அறிவர். அதே பீ.சீ.ஜீ.யைச் சிறுநீர்ப்பையினுட் செலுத்தி, அதன் உட்பரப்பில் எழும் புற்றுநோய் மீளாதவாறு தடுக்கலாம் என்பதை 1976இற் கனடாவில் மொராலெஸ் என்பார் காட்டினார். அது இன்றும் கையாளப்படுகின்றது. கோலி நாடிய வழியின் எச்சம் அதுவெனலாம்.

புதிதாகப் பயிற்றும் முறையில், நோயாளியின் ரீ குழியங்களைக் குருதியினின்றும் பிரித்தெடுத்து, ஆய்கூடத்திற் செயற்கை வாங்கியொன்றுக்குரிய பரம்பரையலகினை அவற்றுட் புகுத்தி, பெருக்கி, மீண்டும் உடலிற் செலுத்துகின்றனர். 2012இல் பென்சில்வேனியாவிற் கார்ல் யூனின் குழுவினர் வகுத்த இச்சிகிச்சையைக் குருதிப் புற்றுநோயால் இறக்கும் நிலையிலிருந்த ஆறு வயதுச் சிறுமி பெற்றாள். காவற் கலங்களின் கிளர்ச்சியாற் கடுங்காய்ச்சல் எழுந்து அவள் உயிர் ஊசலாடியது. மூட்டுவாதத்துக்குரிய மருந்தொன்று அக்கிளர்ச்சியைத் தணித்தது. அவள் பிழைத்தாள், பத்தாண்டின் பின்னும் நோய் திரும்பவில்லை. 2017இல் அச்சிகிச்சை அநுமதி பெற்றபோது அதன் விலை 475,000 டொலர். இந்தியாவிற் பம்பாயிலுள்ள தொழில்நுட்பக் கழகமும் டாட்டா நினைவு வைத்தியசாலையும் சேர்ந்து, அதனினும் மிகக் குறைந்த செலவில் இத்தகைய சிகிச்சையை வகுத்து 2023இல் அநுமதி பெற்றமை, செல்வமில்லா நாடுகளுக்கு நம்பிக்கை தருவது.

ஆயின் இக்கதையை வெற்றிக் கதையாக மட்டும் சொல்லுதல் பொருந்தாது. தடை நீங்கிய காவலன் பகைவனை மட்டும் தாக்குவான் என்பதற்கு உறுதியில்லை. குடல், ஈரல், நுரையீரல், தைரொயிட்டுச் சுரப்பி, அருமையாக இதயம் ஆகியன இச்சிகிச்சையாற் புண்படுதலுண்டு. காலத்தில் அறியாவிடில் உயிருக்கும் இறுதியாகும். அன்றியும், விகாரங்கள் மிகுந்த மெலனோமாவும் புகைப்போரின் நுரையீரற் புற்றுநோயும் இம்மருந்துகளுக்கு ஓரளவு பணிய, சதையப் புற்றுநோய் பெரும்பாலும் பணிவதில்லை. காவலர் உட்புகாத கட்டியிற் கட்டவிழ்த்தற்குக் கைகளே இல்லை. பகைவன் அடையாளத்தைக் காவலர்க்கு அறிவிக்கும் கிளைக்கலங்களைக் கண்டறிந்த றல்ஃப் ஸ்ரைன்மன், தமது சதையப் புற்றுநோய்க்கு அக்கலங்களைக் கொண்டமைத்த சிகிச்சையையும் பெற்றார். நான்காண்டுக்கு மேல் வாழ்ந்து, 2011இல் நோபெல் பரிசு அறிவிக்கப்படுவதற்கு மூன்று நாள் முன்னர் உயிர்நீத்தார். அச்சிகிச்சை அவர் வாழ்நாளை நீட்டியதா என்பதை ஒருவர் வரலாற்றைக் கொண்டு தீர்மானித்தல் இயலாது.

இவற்றால் அறியப்படுவது யாது? காவலாற்றலைப் பெருக்கினாற் புற்றுநோய் தீரும் எனக் கூறிச் சூரணமும் சாறும் விற்போர் எங்கும் உளர். அவர் சொல்லை நம்பிச் சத்திரசிகிச்சையைக் காலந் தாழ்த்தி, குணமாக்கத்தக்க கட்டியைக் குணமாக்கவியலாத நிலைக்குக் கொண்டுவரும் குடும்பங்களும் உள. அவர் கூற்று அடிப்படையிலேயே தவறானது. பெரும்பாலான நோயாளரிடத்துக் குறைவது ஆற்றலன்று. ஆற்றல் குறித்த கயிறொன்றாற் கட்டுண்டு கிடக்கின்றது. எக்கயிறு, எவ்விடத்து, எம்முடிச்சு என்றறிந்து அவிழ்ப்பதற்கே அறிஞர் நூறாண்டு உழைத்தனர். பொதுவாக ஆற்றலைப் பெருக்குவதென்பது, இயலுமாயினும், நலமன்று. தடையின்றிப் பிறந்த எலிகள் சில கிழமைகளில் மாண்டமை அதற்குச் சான்று.

காலத்தோடு நோயை அறிதலும், கட்டியை முறைப்படி அகற்றுதலும், புகையிலையை விலக்குதலும் இன்றும் முதலிடத்துக்குரியன. இவற்றோடு, உடலின் சொந்தக் காவலரையும் துணைக்கொள்ளும் வழி இந்நூற்றாண்டில் திறந்திருக்கின்றது. உட்பகையை வெல்லப் படை பெரிதாயிருத்தல் மட்டும் போதாது. எவன் பகைவன், எவன் உறவினன் எனத் தேர்ந்தறிந்து, அறிந்தபின் அளவறிந்து செயற்படும் படையே வெல்லும்.